லூபஸ் உள்ளவர்களே, எச்.டி.எல் அளவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்

38 வயதுப் பெண். லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய், வந்து பல ஆண்டுகள். புகை இல்லை, சர்க்கரை இல்லை, உடம்பும் ஒல்லி. நெஞ்சழுத்தத்தை இரண்டு நாள் வாயுத்தொல்லை என்று ஓட்டிவிட்டு, தாங்க முடியாமல் அவசரப் பிரிவுக்கு வந்தார். மாரடைப்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். கணவர் லேப் ரிப்போர்ட்டை நீட்டுகிறார்: “போன மாசம்தான் பார்த்தோம் டாக்டர். நல்ல கொலஸ்ட்ரால் 62 இருக்கு. அப்புறம் எப்படி?”

லூபஸ் நோயாளிகளைப் பார்க்கும் எந்த மருத்துவரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்பார். நானும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அதனால் ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன்.

நல்ல கொலஸ்ட்ரால் என்று ரிப்போர்ட்டில் வரும் எச்.டி.எல் எண், ரத்தத்தில் ஓடும் எச்.டி.எல் துகள்கள் சுமந்துகொண்டிருக்கும் கொலஸ்ட்ராலின் அளவு. அவ்வளவுதான். அந்தத் துகள்கள் வேலை செய்கின்றனவா என்று அது சொல்லாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? எச்.டி.எல்லுக்கு முக்கியமான வேலைகள் இரண்டு. தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கி ஊதிப்போன செல்களிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக் கல்லீரலில் சேர்ப்பது ஒன்று. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காப்பது இன்னொன்று. பாரஆக்சனேஸ் என்ற நொதி இதற்கு உதவுகிறது.

கடுமையான தொற்று வந்தால் யாருக்கும் எச்.டி.எல் இந்தக் காவல் வேலையைச் சில நாள் விட்டுவிடும். உடம்பு தேறியதும் பழையபடி திரும்பும். லூபஸில் அழற்சி ஓய்வதே இல்லை. வெள்ளணுக்கள் கக்கும் நொதிகள் எச்.டி.எல்லின் முக்கியப் புரதத்தையே சிதைக்கின்றன. சிலரது உடம்பு அந்தப் புரதத்துக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்கிறது. கடைசியில் காவலுக்கு நிற்க வேண்டியது அழற்சிக்குத் துணைபோகிறது. 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் லூபஸ் உள்ள பெண்களைச் சோதித்தபோது, சுமார் 45 சதவீதம் பேரிடம் இப்படிக் கெட்டுப்போன எச்.டி.எல் இருந்தது. நோயில்லாத பெண்களிடம் 4 சதவீதம்தான். அப்படிப்பட்டவர்களுக்குக் கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு அதிகம் என்பதையும் அதே குழு பிறகு காட்டியது.

உடனே “அந்த டெஸ்ட் எங்கே எடுக்கலாம்?” என்று கேட்காதீர்கள். அது ஆராய்ச்சிக்கூடத்துச் சோதனை. “எச்.டி.எல்லை ஏற்ற மாத்திரை?” அதுவும் வேண்டாம். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்லை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றிக் காட்டியது. சாவும் கூடவே ஏறியதால் 2006-இல் அதைக் கைவிட்டார்கள்.

பிட்ஸ்பர்க் ஆய்வு 1997-இல் சொன்ன கணக்கு இது: 35 முதல் 44 வயதுள்ள லூபஸ் பெண்களுக்கு, அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட மாரடைப்பு 50 மடங்குக்கும் அதிகம். பயந்துவிடாதீர்கள். அந்த வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது என்பதால்தான் மடங்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் “இந்த வயசுல எனக்கெல்லாம் வராது” என்ற பேச்சை மட்டும் இனி விட்டுவிடுங்கள்.

இப்போது கொஞ்சம் திட்டு. ஸ்டீராய்டு கொழுப்பை ஏற்றும் என்று யாரோ சொன்னார்கள் என்று அதைத் திடீரென நிறுத்திவிட்டு வருகிறார்கள். ஏற்றும், உண்மைதான். அதனால்தான் பிரெட்னிசலோன் என்ற அந்த ஸ்டீராய்டை நாளுக்கு 5 மி.கி.க்குக் கீழே, முடிந்தால் முழுவதுமாகவே, படிப்படியாகக் குறைக்கப் பார்க்கிறோம். நீங்களாக நிறுத்தினால் நோய் மூளும், சில சமயம் உயிருக்கே ஆபத்து. இன்னும் எரிச்சலூட்டுவது ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற லூபஸ் மருந்தை விடுவது. “கண் போயிடுமாம்!” எடைக்கேற்ற அளவில், நாளுக்குக் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மிகாமல் எடுத்து, தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனையும் ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் செய்துகொண்டால் அந்த ஆபத்து குறைவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆண்டுப் பரிசோதனையை முன்னதாகவே தொடங்க வேண்டும். லூபஸை அடக்குவதோடு கொழுப்பு அளவையும் ரத்தம் உறையும் வாய்ப்பையும் குறைக்கிற மருந்து அது. அதையா தூக்கி எறிவீர்கள்?

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான இதய ஆபத்துக் கணிப்பான்கள் பலவற்றில் லூபஸுக்கு இடமே இல்லை. அவற்றில் இந்தப் பெண்கள் எல்லோரும் பத்திரமாகத்தான் தெரிவார்கள். க்யூரிஸ்க்-3 என்ற கணிப்பான் லூபஸையும் ஸ்டீராய்டையும் கணக்கில் எடுக்கிறது. நோய் மூண்டிருக்கும்போது டிரைகிளிசரைடு ஏறி எச்.டி.எல் இறங்கும்; அடங்கிய பிறகு ஒருமுறை திரும்பப் பாருங்கள். சிறுநீரில் புரதம் போகிறவருக்கு எல்.டி.எல் ஏன் ஏறுகிறது என்று உணவை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

லூபஸ் உள்ளவர்களே, புகைப்பீர்களானால் இன்றே விடுங்கள். ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருக்கட்டும். ரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி இருக்கிறதா என்று சோதித்தார்களா எனக் கேளுங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எல்லோருக்கும் தேவையில்லை. லூபஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. எல்.டி.எல்லும் மற்ற ஆபத்துகளும் சேர்ந்து தேவை என்று காட்டினால் தயங்காமல் எடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால், ஸ்டாட்டின் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நெஞ்சுவலி வந்தால் லூபஸே பாதி குழப்பிவிடும். மூச்சை இழுக்கும்போது குத்துகிற வலி, நுரையீரல் உறையின் அல்லது இதய உறையின் அழற்சியாக இருக்கலாம். நடந்தால் கூடி நின்றால் குறையும் அழுத்தம், தாடைக்கோ முதுகுக்கோ ஓடும் வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை என்றால் கதை வேறு. எது எது என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள். போன உடனே “எனக்கு லூபஸ் இருக்கிறது” என்று சொல்லுங்கள். வயதைப் பார்த்து வாயு மாத்திரை கொடுத்து அனுப்பப் பார்த்தால், ஈசிஜியும், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுக்காமல் நகராதீர்கள்.