பக்கப் பந்தயமும் 311 என்ற எண்ணும்

கைபேசியில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடும்போது, சீட்டு விழுவதற்கு முன்பே திரையின் ஓரத்தில் இன்னொரு சின்ன வட்டம் தெரியும். முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வந்தால் 25 மடங்கு வரை பணம். இதுதான் பக்கப் பந்தயம். வேண்டுமானால் வைக்கலாம், கட்டாயம் இல்லை.

நாகர்கோவிலில் கணக்கு நடத்துகிறவன் நான். என்னிடம் படித்து வேலைக்குப் போன பையன்கள் கேட்கிறார்கள்: "சார், 25 மடங்கு குடுக்கான். நமக்கு லாபம்தானே?"

முதலில் அசல் ஆட்டம். நம் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், டீலரைவிட (சீட்டு போட்டு நமக்கு எதிராக ஆடுபவர்) அதிகம் எடுக்க வேண்டும். டீலருக்கு இதில் ஒரே ஒரு பெரிய சாதகம்: நாம் முதலில் ஆடுகிறோம். நாம் 21-ஐத் தாண்டினால் பணம் அங்கேயே போச்சு. பிறகு டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. ஆனாலும் எப்போது சீட்டு கேட்பது, எப்போது நிறுத்துவது என்பது நம் கையில். 1956-இல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர், மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்தே இதற்கான சரியான முடிவுகளைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். நல்ல விதிகள் உள்ள ஆட்டத்தில் அந்த முறைப்படி ஆடினால், சராசரி நஷ்டம் 100 ரூபாய்க்குச் சுமார் 50 பைசாதான்.

பக்கப் பந்தயம் அப்படியல்ல. நாம் யோசிக்க ஆரம்பிக்கும் முன்பே அது முடிந்துவிடுகிறது. 'டீல்' பொத்தானைத் தொட்டதும் சர்வரில் உள்ள நிரல் சீட்டைக் கலைத்து வரிசையைத் தீர்மானித்துவிடும். திரையில் சீட்டு பறந்து வருவதெல்லாம் காட்சிக்கு. பெரும்பாலும் ஒவ்வொரு கைக்கும், அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும், புதிதாகக் கலைப்பதால், போன சீட்டுகளை நினைவில் வைத்தும் பயனில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஆறு கட்டு சேர்த்தால் 312 சீட்டு. முதல் சீட்டு இஸ்பேடு ராஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 311. அதில் இன்னும் 5 இஸ்பேடு ராஜா. அது வந்தால் 25 மடங்கு. அதே கறுப்பில் கிளாவர் ராஜா 6. அதற்கு 12 மடங்கு. சிவப்பு ராஜாக்கள் 12. அதற்கு 6 மடங்கு. பரவலாக உள்ள பரிசுப் பட்டியல்களில் இது ஒன்று. மற்ற 288 சீட்டில் எது வந்தாலும் பணம் போகும்.

ஒவ்வொரு கைக்கும் 10 ரூபாய் வைத்து 311 கை ஆடினால், சராசரியாக வரும் லாபம் 1,250 + 720 + 720, அதாவது 2,690 ரூபாய். தோற்பது 2,880. கையை விட்டுப் போவது 190 ரூபாய். இதே 3,110 ரூபாயை அசல் ஆட்டத்தில் சரியாக ஆடியிருந்தால் போவது சுமார் 16 ரூபாய்! மோசடி எதுவும் இல்லாத, நேர்மையான நிரலிலேயே இதுதான் நிலை. ஒரு கைக்கு 15 விநாடி என்றால், 311 கை ஒன்றேகால் மணி நேரத்தில் கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

கட்டுகளின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். ஒரே கட்டு என்றால் இன்னொரு இஸ்பேடு ராஜாவே கிடையாது, 25 மடங்கு வரவே வராது. எட்டுக் கட்டில் நஷ்டம், ஆறு கட்டுக்கான சுமார் 6 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறையும். பரிசுப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. பையன்களிடம் நான் முதலில் எண்ணச் சொல்வது கட்டுகளைத்தான்.

ஏறக்குறைய பதிமூன்று, பதினான்கு கைக்கு ஒரு முறை ஏதோ ஒரு ஜோடி விழும். அந்த இடைவெளிதான் ஆளை உட்கார வைக்கிறது. நம்பிக்கை அறுந்துபோகும் அளவுக்கு நீளம் இல்லை, பணம் திரும்பும் அளவுக்குக் குறைவும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். களியக்காவிளை தாண்டிப் போய்க் கேரள லாட்டரி வாங்குகிறவர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. அது அங்கே அரசே நடத்துவது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்கு அப்படி எல்லை தாண்டினால் மாறும் சட்டம் கிடையாது. அப்படிப்பட்ட ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும், வங்கிகள் அதற்குப் பணம் மாற்றித் தருவதையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுவதும் தடை செய்கிறது.