கவனம் நிலைக்காத பிள்ளையும் நுண்ணறிவுச் சோதனையும்: சட்டம் தரும் உரிமைகள்

வகுப்பில் கவனம் நிலைக்காத பிள்ளைக்கு உடனே நுண்ணறிவுச் சோதனை செய்யச் சொல்லும் வழக்கம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலும் உண்டு. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவை அச்சோதனையால் உறுதிசெய்ய முடியாது. வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளை நடந்துகொள்ளும் விதத்தை விசாரித்தே மருத்துவர் அதைக் கண்டறிகிறார்.

தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை வருகிறது. 18 வயது வரையுள்ளோருக்கான அத்திட்டத்தில் கவனக்குறைவும் கற்றல் குறைபாடும் அடங்கும். நாம் நடவு வேலைக்குப் போன நாளில் குழு வந்துபோய்விட்டது என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. வகுப்பாசிரியரிடமோ வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமோ விவரத்தைச் சொல்லி, குறைபாடுள்ள சிறாரைப் பரிசோதித்து உதவும் மாவட்ட இடையீட்டு மையத்துக்குச் செல்ல வழி கேட்கலாம்.

சோதனை அறிக்கையைப் படிப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, மனக்கணக்கு, குறியீடுகளை விரைந்து நிரப்புவது ஆகிய பகுதிகள் கவனத்தையும் வேகத்தையும் பெரிதும் சார்ந்தவை என்பதால், சொற்பொருளையும் காரணகாரியத்தையும் நன்கறிந்த பிள்ளைகூட அவற்றில் சறுக்கும்போது, மொத்த நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ. எனப்படும் மதிப்பெண்) அதன் உண்மைத் திறனுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அதனால் ஒற்றை எண்ணோடு நின்றுவிடாமல், பகுதிவாரி மதிப்பெண்களையும், பிள்ளை தூங்கி எழுந்து, சாப்பிட்டுத் தெளிவாக இருந்ததா என்ற குறிப்பையும் அறிக்கையில் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக் குறையும் மதிப்பெண் மாற்றுத்திறனாளிச் சான்றிதழையும் பாதிக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. படிப்பது, எழுதுவது, கணக்கிடுவது போன்றவற்றில் மட்டும் திணறும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் இருக்கின்றன. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுண்ணறிவு ஈவு 85க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்றன. அந்நிலையில், கவனம் சிதறியதால் குறைந்த ஒரு மதிப்பெண், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு உரிய சான்றையே தடுத்துவிடும். அறிவுசார் குறைபாடு என்று முடிவுசெய்யவும் ஈவு மட்டும் போதாது, அன்றாட வாழ்வைச் சமாளிக்கும் திறனிலும் குறை இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் வரையறை.

சான்று பெற்ற மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற மாற்றங்களுக்குச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடமளிக்கிறது. சான்று கைக்கு வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பது அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களின் கடமை என்கிறது 16ஆம் பிரிவு.

சோதனை மதிப்பெண்ணைக் காட்டிச் சேர்க்கை மறுக்கும் பள்ளிக்கு, கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 13ஆம் பிரிவை எழுத்து வடிவில் சுட்டிக்காட்டுங்கள்: சேர்க்கைக்காகப் பிள்ளையை வடிகட்டும் தேர்வுக்கு உட்படுத்தினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.