வீட்டிலிருந்து வேலை: மிச்சமான அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது?

"வீட்டிலிருந்துதான் வேலை டாக்டர், ஒரு அலைச்சலும் கிடையாது. ஆனாலும் ஏன் இப்படி இருக்குன்னு தெரியலை."

தூக்கம் வரவில்லை என்று வருகிறவர் சொல்வதும் இதுதான், கழுத்து வலி என்று வருகிறவர் சொல்வதும் இதுதான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்று வீட்டில் உள்ளவர்கள் கையைப் பிடித்து இழுத்து வந்தவரும் இதையேதான் சொல்கிறார். சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. எல்லோரும் ஏங்குகிற சலுகை தனக்குக் கிடைத்திருக்கிறது, அப்படியும் சந்தோஷமாக இருக்கத் தெரியவில்லையே என்று தன்னையே நொந்துகொள்கிற குரல் அது. கேட்டுக் கேட்டு மனம் கசந்துபோனதால்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள். குறை உங்களிடம் இல்லை. வீட்டில் இருந்தாலே மனம் நிறைந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினீர்களே, அதில்தான் கோளாறு.

வீட்டிலிருந்து வேலை செய்தால் சந்தோஷம் கூடுமா என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைப் பாதியில் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய குழுவினரும், சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் 2010 இறுதியில் தொடங்கி ஒன்பது மாதம் நடத்திய சோதனையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். விருப்பம் தெரிவித்தவர்களில் 249 பேரை எடுத்துக்கொண்டார்கள். பிறந்த தேதி இரட்டைப்படை என்றால் வாரத்தில் நான்கு நாள் வீட்டில், ஒற்றைப்படை என்றால் வழக்கம்போல் அலுவலகத்தில். வீட்டில் இருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வேலையில் திருப்தியும் கூடியது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

சோதனை முடிந்ததும், இனி எங்கிருந்து வேலை செய்வது என்று அவர்களையே மறுபடி முடிவு செய்யச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் முன்பு எடுத்த முடிவை மாற்றிக்கொண்டார்கள். வீடு வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களில் பலர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை என்பதுதான் அதற்கு முக்கியக் காரணம். இப்படி அவரவர் அனுபவித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு, 13 ஆக இருந்த பலன் 22 சதவீதமாக உயர்ந்தது. எனக்கு இந்த 22தான் முக்கியமான எண். வீடா அலுவலகமா என்பதைவிட, வாழ்ந்து பார்த்து மாற்றிக்கொள்ள ஒருவருக்கு வழி இருக்கிறதா என்பதுதான் அங்கே வேலை செய்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: வீட்டில் தனி அறை இருந்தவர்களை மட்டுமே அந்தச் சோதனையில் சேர்த்தார்கள். சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில், டிவி சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அந்த முடிவுகள் அப்படியே பொருந்தாது.

இதே குழு பின்னாளில் அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு என்ற ஏற்பாட்டையும் சோதித்தது. அது 2024-இல் வெளியானது. வேலையை விடுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டு மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசமே இல்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால் இந்தக் கலவையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

இனி, என்னை மிகவும் சோர்வடைய வைக்கிற நம்பிக்கைக்கு வருகிறேன். "போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், இரண்டும் மிச்சம். அந்த நேரமெல்லாம் ஓய்வுதானே?" இல்லை. இல்லவே இல்லை.

அலுவலகப் பயணம் வெறுப்பானது என்பதில் மாற்றுக் கருத்து கிடையாது. உளவியலாளர் டேனியல் கானமன் குழு 2004-இல், வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளின் ஒவ்வொரு வேலையின்போதும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டது. பட்டியலின் கடைசியில் நின்றது காலைப் பயணம்தான். அதனால் அதை விட்டதும் நிம்மதியாக இருப்பது உண்மை. முதல் இரண்டு மூன்று மாதம் எல்லோருமே முகம் மலர்ந்துதான் இருக்கிறார்கள். பிரச்சினை அதற்கப்புறம் ஆரம்பிக்கிறது.

அந்த வெறுப்பான பயணம் மூன்று காரியங்களைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. உங்களை நடக்க வைத்தது. காலை வெளிச்சத்தை உங்கள் கண்ணில் படவைத்தது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவைச் சாத்தியது. பயணம் போனபோது இந்த மூன்றும் கூடவே போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக எதையும் நீங்கள் வைக்கவில்லை. மிச்சமான நேரமாவது உங்களிடம் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. சிட்ரிப்பில் கூடிய அந்த 13 சதவீதத்தில் 9, அதே ஷிஃப்டில் கூடுதல் நிமிடங்கள் வேலை செய்ததால் வந்தது. இடைவேளையும் குறைந்தது, உடம்பு சரியில்லை என்று எடுக்கும் லீவும் குறைந்தது. ஊரடங்குக் காலத்தில் உலகின் 16 பெருநகரப் பகுதிகளில் மின்னஞ்சல், மீட்டிங் தரவுகளைப் பார்த்தபோது வேலைநாள் சராசரியாக 48.5 நிமிடம் நீண்டிருந்தது. மிச்சமான நேரத்தை வேலையே தின்றுவிடுகிறது. உங்கள் கணக்கில் மட்டும் அது ஓய்வு என்று எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் "இவ்வளவு ஓய்வு இருந்தும் களைப்பாக இருக்கிறதே" என்று குழம்புகிறீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் மட்டும் எழுதிப் பாருங்கள். லேப்டாப்பை முதலில் திறந்த நேரம், கடைசியாக மூடிய நேரம், அதற்குப் பிறகு ஃபோனில் அலுவலக மெசேஜ் பார்த்த நேரம். மூன்றே எண்கள். மூடியது மாலை 6.30 என்றும் கடைசி மெசேஜ் இரவு 10.50 என்றும் இருந்தால், உங்கள் வேலைநாள் முடிந்தது 10.50-க்குத்தான். ஆலோசனைக்கு வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன. அந்த உழைப்பு நடப்பது வீட்டுக்குள் என்பதால் ரத்தக் குழாய்க்கு எந்தச் சலுகையும் கிடையாது.

காய்ச்சலோடு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்கிற பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகம் போகிறவராக இருந்தால் 101 டிகிரி காய்ச்சலில் படுத்திருப்பீர்கள். வீடு என்பதால் "இரண்டு மீட்டிங்தானே" என்று உட்காருகிறீர்கள். லீவு போடுங்கள். அது அதற்காகத்தான் இருக்கிறது.

காலையைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தும் பலனில்லை. 9 மணி மீட்டிங்குக்கு 8.50-க்கு எழுந்து, பல் தேய்த்தபடியே லாகின் செய்கிற ஒருவரின் உடல் கடிகாரம் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிப்போகும். பெரும்பாலோருக்கு உள்ளே ஓடும் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். தினமும் அதைத் திருப்பி வைப்பது காலை வெளிச்சம். மேகம் மூடிய நாளில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் உண்டு. விளக்கு எரிகிற அறைக்குள் 500 லக்ஸைத் தாண்டுவதே அரிது. ஜன்னல் ஓரம் உட்கார்வது வெளியே போவதற்கு ஈடாகாது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்து வேலையில் உட்காருங்கள். அலுவலகப் பயணத்தோடு இழந்த நடையும் வெளிச்சமும் இதில் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது படுக்கை. இதில் நான் கெஞ்சவே செய்கிறேன். தலையணையை முதுகுக்குக் கொடுத்து, முழங்காலை மடக்கி, தொடையில் லேப்டாப். கழுத்து மார்பை நோக்கிக் குனிந்திருக்கிறது, தோள் இரண்டும் காதருகே ஏறியிருக்கிறது, மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்திருக்கிறது. இடுப்பு இருக்க வேண்டிய வளைவை இழந்து உருண்டு கிடக்கிறது. இப்படி மூன்று மணி நேரம். முதுகு கெடுவது ஒரு பக்கம் என்றால், தூக்கம் கெடுவது இன்னொரு பக்கம். படுக்கை என்றால் விழித்திருந்து பதற்றப்படும் இடம் என்று மூளை பழகிக்கொள்கிறது. பிறகு இரவு விளக்கை அணைத்ததும் மூளை வேலைக்குத் தயாராகிறது. தூக்கமின்மைக்கு 1972-இல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் முன்வைத்த சிகிச்சை முறையின் அடிப்படையே, படுக்கை தூங்க மட்டும் என்பதுதான். இன்றும் மாத்திரைக்கு முன்பு நாங்கள் சொல்வது அதையே. 20 நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உத்தேசம் போதும்.

விலை உயர்ந்த நாற்காலி வாங்கிவிட்டேன், இன்னும் வலிக்கிறது என்பவர்களுக்கு: வலி நாற்காலியில் இல்லை, லேப்டாப்பில் இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஒன்றாக ஒட்டியிருக்கும் கருவி அது. திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை தூக்கவேண்டும், கைக்கு வாகாக வைத்தால் கழுத்து குனியவேண்டும். தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள், லேப்டாப்புக்கு அடியில் தடித்த புத்தகங்களை அடுக்குங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், கண்ணிலிருந்து ஒரு கை நீளத்தில். பைஃபோகல் கண்ணாடி (தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் ஒரே கண்ணாடி) போடுகிறவர்கள் மட்டும் திரையைச் சற்றுத் தாழ்வாக வைக்கவேண்டும், இல்லையென்றால் தாடையைத் தூக்கித் தூக்கிப் பின்கழுத்து வலிக்கும். முழங்கை மேசை உயரத்தில், பாதம் முழுதாகத் தரையில். நாற்காலியை உயர்த்தியதால் கால் தொங்கினால் அடியில் ஒரு பலகை. ஜன்னல் பக்கவாட்டில் வரட்டும், திரைக்கு நேர் பின்னாலோ உங்களுக்குப் பின்னாலோ வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் எதையாவது 20 விநாடி பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். வீடியோ மீட்டிங்கில் உங்கள் முகம் உங்களுக்கே தெரியும் பெட்டியை மறைத்துவிடுங்கள். நாள் முழுவதும் கண்ணாடி முன் உட்கார்ந்து பேசினால் யாருக்கும் களைக்கும்.

மாலையில் மூடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் எந்த வேலையும் செய்யாதீர்கள். முடியாமல் நிற்பவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளை எத்தனை மணிக்கு, எதிலிருந்து தொடங்குவேன் என்று குறியுங்கள். பாதியில் நிற்கும் வேலை மனதைக் குடைந்துகொண்டே இருக்கும், எப்போது எப்படி என்று முடிவாகிவிட்டால் குடைச்சல் தணியும். பிறகு லாக்அவுட் செய்யுங்கள், திரையை மடக்குவதோடு விடாதீர்கள். ஃபோனில் அலுவலகச் செயலிகளின் அறிவிப்பை நிறுத்துங்கள். லேப்டாப்பைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு 15 நிமிடம் வெளியே போய் வாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "வீட்லதானே இருக்கே" என்று சொல்லிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு சின்ன வேலையும் ஐந்து நிமிடத்தோடு முடிவதில்லை. விட்ட இடத்தைப் பிடிக்க அவருக்கு இன்னும் நேரமாகும், அந்த நேரம் ராத்திரியில் கழியும். பெரும்பாலும் இது பெண்கள் தலையில் விழுகிறது. எங்களிடம் மிகவும் களைத்து வருகிறவர்களும் அவர்கள்தான். அறைக் கதவு சாத்தியிருந்தால் அவர் வீட்டில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலதிகாரிகளுக்கும் ஒன்று. அலுவலகச் செயலியில் ஆள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்ப்பதை விடுங்கள். அந்தப் புள்ளிக்குப் பயந்து கழிப்பறைக்குக்கூட ஃபோனை எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். சிட்ரிப்பின் முதல் சோதனையில், நன்றாக வேலை செய்தும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்தது. கண்ணில் படாதவரை மறந்துபோகிற அந்தத் தவற்றை நீங்களும் செய்யாதீர்கள்.

தனிமையைப் பற்றிக் கேட்டால் "வீட்டில் ஆள் இருக்கிறார்களே" என்பார்கள். குடும்பம் ஒரு தேவை, அதிகம் பழகாதவர்களோடு பேசும் இரண்டு வார்த்தை வேறொரு தேவை. லிஃப்டில் தலையசைத்தவர், வாசலில் விசாரித்த காவலாளி, பக்கத்து டீமில் பெயர்கூடத் தெரியாத ஒருவர். இவர்களெல்லாம் ஒரே நாளில் காணாமல் போகிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது வேலை சாராத மனிதர்களை நேரில் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். நூலகம், விளையாட்டுத் திடல், ஏதாவது ஒரு வகுப்பு, எதுவானாலும் சரி. கிழமையும் நேரமும் குறித்துவிடுங்கள், தோன்றும்போது போகலாம் என்று விட்டால் போகவே மாட்டீர்கள்.

இத்தனையும் செய்தும், இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே கிடந்தால், முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், அது வேலை செய்யும் இடத்தின் பிரச்சினை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மனச்சோர்வா, தைராய்டா, ரத்தசோகையா என்று பார்க்கவேண்டியது எங்கள் வேலை. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே வரவேண்டும். இரண்டு மீட்டிங்குக்கு நடுவே வீடியோ காலில் வேண்டாம், முடிந்தால் நேரில் வாருங்கள். நீங்கள் நடந்து வருவதையும் உட்காருவதையும் பார்க்கும்போதே எங்களுக்குப் பல விஷயங்கள் தெரிந்துவிடும்.