கடிக்காத ஜெல்லிமீன்களோடு நீந்தப் போகிறீர்களா? ஒரு தோல் மருத்துவரின் குறிப்புகள்

"டாக்டர், ஹனிமூனுக்குப் பலாவ் போறோம். அங்க கடிக்காத ஜெல்லிமீன் இருக்கிற ஏரியில நீந்தலாமாம். எந்த சன்ஸ்கிரீன் வாங்கலாம்?"

இந்தக் கேள்வியோடு என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஏரிக்குப் போகிற நாளில் உடம்பில் எதையும் பூசாதீர்கள், முழுக்கை நீச்சலுடை போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். வருஷம் முழுக்க சன்ஸ்கிரீன் எழுதிக்கொடுக்கிற தோல் மருத்துவர் இப்படிச் சொன்னால் யாருக்குமே குழப்பமாகத்தான் இருக்கும். காரணத்தை ஓ.பி. நேரத்தில் விளக்கி முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏரியைப் பற்றிக் கொஞ்சம். பலாவ், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே பசிபிக் பெருங்கடலில் இருக்கும் சிறிய தீவு நாடு. அதன் ராக் ஐலண்ட்ஸ் பகுதி சுண்ணாம்புப் பாறைத் தீவுகளின் கூட்டம். 2012இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அந்தத் தீவுகளில் ஒன்றான மெகெர்சாரின் நடுவே, காடு மண்டிய மேடுகளுக்குள் இருக்கிறது ஜெல்லிமீன் ஏரி. நீளம் சுமார் 460 மீட்டர், அகலம் 160 மீட்டர், ஆழம் 30 மீட்டர். பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறியபோது, பாறை இடுக்குகள் வழியாகக் கடல்நீர் உள்ளே புகுந்து நிறைந்த பள்ளம் இது. வயது சுமார் 12,000 ஆண்டுகள் என்று கணிக்கிறார்கள். அந்தத் தண்ணீரோடு வந்து மாட்டிக்கொண்ட புள்ளி ஜெல்லிமீன்களின் வாரிசுகள்தான் இன்று அங்கே இருக்கும் தங்கநிற ஜெல்லிமீன்கள். பக்கத்துக் கடலில் உள்ள உறவினர்களிடமிருந்து உருவத்திலும் நடத்தையிலும் விலகி, தனித் துணையினமாகவே ஆகிவிட்டன. நிலா ஜெல்லிமீன்களும் அதே ஏரியில் உண்டு.

தங்கநிற ஜெல்லிமீனின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு ஜெல்லிமீனுக்குப் போகிறது. அதற்காகவே இந்த ஜெல்லிமீன்கள் தினமும் சூரியனைத் தேடிப் பயணம் செய்கின்றன. இரவெல்லாம் ஏரியின் மேற்குப் பாதியில் இருந்துவிட்டு, காலை விடிந்ததும் லட்சக்கணக்கில் கிழக்கு நோக்கி நகரும். கிழக்குக் கரையில் மரநிழல் விழுகிற கோடு வந்ததும் அப்படியே நின்றுவிடும். நிழலுக்குள் போனால், கரையோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் கடற்சாமந்திகள் (பூப்போல் தோன்றும் கடல் விலங்குகள்) பிடித்துத் தின்றுவிடும். மதியத்துக்கு மேல் மறுபடி மேற்கே திரும்பும். சுழன்றுகொண்டே நீந்துவதால் உடம்பின் எல்லாப் பக்கமும் வெயில் படுகிறது.

சரி, இதற்கும் சன்ஸ்கிரீனுக்கும் என்ன தொடர்பு? கடலில் குளித்தால் நம் உடம்பிலிருந்து கரைவதை அலை அடித்துக்கொண்டு போய்விடும். இந்த ஏரிக்கு அந்த வசதி இல்லை. கடலோடு இதை இணைப்பது பாறைக்குள் ஓடும் சில சுரங்கவழிகள் மட்டும்தான். ஓதம் ஏறி இறங்கும்போது மேல்மட்ட நீர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும். சுமார் 15 மீட்டருக்குக் கீழே இருக்கும் நீர் மேலே கலப்பதே இல்லை. அங்கே ஆக்சிஜன் கிடையாது, ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்திருக்கிறது. அந்த நச்சு தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியது. காற்று சிலிண்டரோடு மூழ்கும் ஸ்கூபா அங்கே தடை செய்யப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மூச்சடக்கி ஆழம் போகத் தெரிந்தவர்களும் இந்த ஏரியில் அந்த வித்தையைக் காட்ட வேண்டாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பெரியவர் ஒருவர் உடம்பு முழுக்க சன்ஸ்கிரீனைச் சரியான அளவில் பூச 30 மில்லி போல வேண்டும். ஒரு படகில் 10 பேர் வந்தால் 300 மில்லி. அதில் ஒரு பகுதி தண்ணீரில் கழுவப்பட்டுத்தான் தீரும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தாலும் அது 40 நிமிடமோ 80 நிமிடமோ தாக்குப்பிடிக்கும் என்பதுதான் பொருள், கரையவே கரையாது என்பதில்லை. இப்படிப் படகு படகாக வந்து இறங்குகிறார்கள், வருஷம் முழுக்க.

பலாவில் இயங்கும் பவளப்பாறை ஆய்வு அறக்கட்டளை இந்த ஏரியைச் சோதித்தபோது, சன்ஸ்கிரீன் வேதிப்பொருள்கள் நீரில் மட்டுமல்ல, ஜெல்லிமீன்களின் திசுவிலும் இருந்தன. 2018இல் பலாவ் சட்டம் இயற்றி, 2020 ஜனவரி 1 முதல் 10 வேதிப்பொருள்கள் உள்ள சன்ஸ்கிரீன்களைத் தடை செய்தது. கடையில் விற்றால் அபராதம். பயணிகள் கொண்டுவந்தால் பறிமுதல்.

இதைச் சொன்னதும் பலரும் 'ரீஃப் சேஃப்' என்று போட்ட ட்யூபைத் தேடி வாங்கிவிடுகிறார்கள். அப்படி ஒருவர் கொண்டுவந்ததை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் நீல நிறத்தில் ஆமைப் படம், அதன் கீழே அந்த வாசகம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உட்பொருள் பட்டியல். முதலில் ஜிங்க் ஆக்சைடு இருந்தது, அது தடையில் இல்லை, நல்லது. பட்டியலின் வால்பகுதியில், வாசனைக்கு முந்தைய வரியில், ஃபீனாக்சிஎத்தனால். இது வெயிலைத் தடுக்கும் பொருள் இல்லை, கிரீம் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. பலாவின் தடைப் பட்டியலில் இதுவும் உண்டு. 'ரீஃப் சேஃப்' என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்ட வரையறை எதுவும் கிடையாது. அதனால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

படிக்கும்போது இன்னொன்றிலும் கவனம் வேண்டும். ஒரே பொருள் வேறு பெயரில் இருக்கும். ஆக்சிபென்சோன் பெரும்பாலும் 'பென்சோஃபீனோன்-3' என்றும், ஆக்டினாக்சேட் 'எத்தில்ஹெக்சில் மெத்தாக்சிசின்னமேட்' என்றும் அச்சாகியிருக்கும். இவை தவிர ஆக்டோகிரைலீன், மெத்தில் பாரபென், எத்தில் பாரபென் போன்றவையும் கூடாது. நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பல சன்ஸ்கிரீன்களில் இவற்றில் ஒன்றாவது இருக்கிறது.

இவ்வளவு சோதித்து ஜிங்க் மட்டும் உள்ள கிரீமே கிடைத்தாலும், அதை மற்ற கடற்கரை நாள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. ஏரியில் இருக்கப்போவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. யு.பி.எஃப். 50 (துணி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு) என்று குறித்த முழுக்கைச் சட்டை, முழங்கால் தாண்டிய கால்சட்டை, தலைக்கு ஒரு நீச்சல் ஹூட். தோலின் பெரும்பகுதிக்கு இதுவே போதும். முகம் தண்ணீரில் கவிழ்ந்திருக்கும்போது வெயில் அடிப்பது பிடரியிலும் முதுகிலும் காலின் பின்பக்கத்திலும்தான். சன்ஸ்கிரீன் பூசும்போது நாம் விட்டுவிடுகிற இடங்களும் அவையே. மங்கு இருப்பவர்கள், பூசாமல் போனால் முகம் கறுத்துவிடுமே என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானது, அலட்சியப்படுத்த மாட்டேன். அவர்கள் படகில் போகும்போதும் வரும்போதும் அகலத் தொப்பியும் மெல்லிய முகத்துணியும் போட்டுக்கொண்டால் போதும்.

அப்புறம் எண்ணெய். நீச்சலுக்கு முன் தலையிலும் உடம்பிலும் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கொசு விரட்டும் ஸ்ப்ரேயும் அப்படித்தான்.

அடுத்து, எல்லோரையும் ஈர்க்கிற அந்தக் 'கடிக்காத' என்ற விஷயம். இந்த ஜெல்லிமீன்களுக்குக் கொட்டும் செல்கள் இல்லாமல் போய்விடவில்லை. சின்ன மிதவை உயிர்களைப் பிடிக்க அவை இன்னும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. நம் உள்ளங்கையின் தடித்த தோலில் அது உறைப்பதில்லை, அவ்வளவுதான். உதடு, கண்ணிமை, அக்குள், தொடையின் உள்பக்கம் ஆகிய இடங்களில் லேசான குறுகுறுப்போ எரிச்சலோ சிலருக்கு வரும். அது சீக்கிரம் அடங்கிவிடும். எக்ஸிமா உள்ளவர்கள், புதிதாக ஷேவ் அல்லது வேக்சிங் செய்தவர்கள், முன்பு ஜெல்லிமீன் பட்டு உடம்பெல்லாம் தடித்தவர்கள் ஆகியோருக்கு நிலைமை வேறு. கடைசியாகச் சொன்னவர்கள் என்னைக் கேட்டால் இறங்கவே வேண்டாம். மற்றவர்களுக்கு முழு உடையே இதற்கும் தீர்வு.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மவர்களில் சிலர் பலாவுக்குப் பதிலாக இந்தோனேசியாவின் கிழக்குக் காலிமந்தானில் உள்ள ககபான் தீவு ஏரிக்குப் போகிறார்கள். அங்கே நான்கு வகை ஜெல்லிமீன்கள் உண்டு. அதில் ஒன்று தரையில் தலைகீழாகப் படுத்திருக்கும் வகை. அதைத் தொடாமலே, அது வெளிவிடும் சளியில் மிதக்கும் கொட்டும் செல்கள் பட்டே தோல் அரிக்கலாம். அடிமண்ணைக் காலால் கிளறாமல் மிதந்தபடி இருங்கள்.

இந்த ஏரிகளில் பழகிவிட்டு, ஊர் திரும்பி மெரினாவிலோ ராமேஸ்வரத்திலோ கரை ஒதுங்கிய ஜெல்லிமீனைக் கையில் எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். நம் கடலில் வருகிற நீலக் காற்றுப்பை போன்ற ஃபைசாலியா கரையில் கிடக்கும்போதும் கொட்டும், கடுமையாகவே கொட்டும்.

இனி, பெரும்பாலான பயணக் கட்டுரைகள் சொல்லாத ஒன்று. பலாவ் போய்வந்த ஒரு பெண் என்னிடம் வந்தார் (அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்). வலது முன்கையில் மூன்று கோடுகள், விரலால் இழுத்துவிட்டது போல நேராக. கோடு நெடுக நீர்க்கொப்புளங்கள், ஓரத்தில் கறுப்புப் பொருக்கு. கன்னத்திலும் ஒரு தடிப்பு. "ஜெல்லிமீன் கடிச்சிடுச்சு டாக்டர், கடிக்காதுன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க" என்றார்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். ஏரிக்குப் போய் இரண்டு நாள் கழித்து. ஜெல்லிமீன் பட்டால் அந்த நிமிடமே எரியும், இரண்டு நாள் காத்திருக்காது. அதோடு அவர் ஏரியில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். படகை விட்டு இறங்கி ஏரிக்குப் போகச் செங்குத்தான மேடு ஒன்றை ஏறி இறங்க வேண்டும். அங்கே வழுக்கியபோது பக்கத்து மரத்தைப் பிடித்திருக்கிறார். சட்டை அப்போது பையில்.

ராக் ஐலண்ட்ஸ் காட்டில் டோங்கெட் என்று பலாவ் மக்கள் அழைக்கும் நச்சுமரம் உண்டு. செமிகார்பஸ் வெனனோசஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். நம் ஊர்ச் சேராங்கொட்டையும் அதே செமிகார்பஸ் பேரினம்தான். சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறிபோடப் பயன்படுத்திய அந்தக் கறுப்புச் சாறு பட்டு, காலர் உரசும் பிடரியில் புண்ணோடு வருகிறவர்களைப் பழைய தலைமுறைத் தோல் மருத்துவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். மாவும் முந்திரியும் இதே குடும்பம். அந்தப் பெண்ணிடம் மாம்பால் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்தே வாயோரம் வெந்துபோகும் என்றார்.

ஆகவே மாம்பாலோ முந்திரிக்கொட்டைச் சாறோ ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த மேட்டில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நீச்சல் சட்டையைப் படகிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள். மரத்தைப் பிடிக்காதீர்கள், வழியில் இருக்கும் கயிற்றைப் பிடியுங்கள். எந்த மரம் என்று வழிகாட்டியிடம் கேட்டால் காட்டுவார். சாறு பட்டதாகத் தோன்றினால் உடனே நன்றாகக் கழுவுங்கள். படகுக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டு இன்னொரு முறை.

தண்ணீருக்குள் எப்படி நடந்துகொள்வது என்பது என் துறை இல்லை என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஜெல்லிமீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் போட்டோ எடுக்காதீர்கள், தன் எடையிலேயே அது கிழியும். காலில் ஃபின் (நீச்சல் துடுப்பு) மாட்டிக்கொண்டு வேகமாக உதைத்தால் பின்னால் எத்தனை கிழிந்தன என்று உங்களுக்குத் தெரியாது. நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு அசையாமல் மிதந்தாலே அவை சுற்றி வந்துவிடும். உங்கள் மாஸ்க்கையும் ஃபின்னையும் உள்ளே போகுமுன் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெளியிலிருந்து வந்த ஒரு கடற்சாமந்தி இனம் 2003இல் இந்த ஏரியில் காணப்பட்டு, பிறகு கரையோரமெல்லாம் பரவிவிட்டது.

2016இல் தங்கநிற ஜெல்லிமீன்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. அதற்கு சன்ஸ்கிரீன்தான் காரணம் என்று பகிரப்படும் செய்தி சரியல்ல. எல் நினோ கொண்டுவந்த வறட்சியில் ஏரியின் சூடும் உப்பும் ஏறியதுதான் காரணம். 1998இலும் இப்படி நடந்தது. இரண்டு முறையும் ஏரியில் ஒட்டி வாழும் பாலிப்புகள் (ஜெல்லிமீனின் ஆரம்பப் பருவம்) தப்பிப் பிழைத்து, ஜெல்லிமீன்கள் மறுபடி பெருகின. பிறகு ஏரியை மறுபடி பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். மழையும் வெயிலும் நம் கையில் இல்லை. உடம்பில் பூசிக்கொண்டு போவது நம் கையில் இருக்கிறது.

கடைசியாக, புறப்படுமுன் உங்கள் மாத்திரைகளைப் பாருங்கள். முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்கு நிலநடுக்கோட்டு வெயிலில் தோல் சீக்கிரம் வெந்துவிடும். ட்ரெடினாயின், ரெடினால் பூசுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். திரும்பிய பிறகு ஏதாவது தடித்தால், தினமும் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த நாளில் எங்கே ஆரம்பித்தது என்பதை வைத்துத்தான் நாங்கள் காரணத்தைப் பிடிக்கிறோம். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் கிரீமைப் பூசிவிட்டு வந்தால் அந்த அடையாளமே அழிந்துபோகும்.