தெளிவு வேறு, பிரிதிறன் வேறு

'உயர் தீர்மானத் தொலைக்காட்சி, தீபாவளிச் சிறப்பு விலையில்.' பண்டிகை நெருங்கினால் கோலாலம்பூரில் இந்த வரியைத் துண்டறிக்கையிலும் விளம்பரத்திலும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. தீர்மானம் என்பது சங்கக் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து நிறைவேற்றுவது. திரைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பிழையின் வழி தெரிந்ததுதான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் கைக்கு மூலம் மலாயிலோ ஆங்கிலத்திலோ வருகிறது. இரண்டிலும் 'ரெசொலுஷன்', 'ரெசொலுசி' என்ற ஒரே சொல் மாநாட்டு முடிவுக்கும் திரைக்கும் பயன்படுகிறது. அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து வைத்தால் தீர்மானம் வந்து நிற்கும். எச்டி, அதாவது 'ஹை டெஃபினிஷன்', 'உயர் வரையறை' ஆனதும் இதே வழியில்தான்.

மூலம் இலத்தீன். 'ரெசொல்வெரே' என்றால் கட்டவிழ்த்தல், தளர்த்தல். சிக்கலை அவிழ்த்து முடிவுக்கு வருவது ஒரு கிளை. ஒளியியலில், ஒன்றாக ஒட்டித் தெரிபவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது இன்னொரு கிளை. இரவில் பினாங்குப் பாலத்தில் தொலைவில் வரும் காரின் இரண்டு விளக்குகளும் ஒற்றை ஒளியாகத் தெரிந்து, நெருங்க நெருங்க இரண்டாகப் பிரிகின்றன அல்லவா? அவற்றை எவ்வளவு தொலைவிலேயே இரண்டாகக் காண முடிகிறதோ, அதுதான் கண்ணின் பிரிதிறன். மலாய்க் கலைச்சொல்லில் 'பெலெராயான்' என்றும் இதற்கு ஒரு சொல் உண்டு. சண்டையை விலக்கிப் பிரிப்பதற்குச் சொல்லும் அதே 'லெராய்'தான் அடிச்சொல்.

தமிழில் பிரிதிறன். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. அதனால் இடையில் ஒற்று மிகாது, 'பிரித்திறன்' என்று எழுதக் கூடாது. பகுதிறன் என்பாரும் உண்டு, அதுவும் சரியே.

தீர்மானத்தைத் தள்ளிவிடுவது எளிது. எனக்கு உண்மையான மனத்தாங்கல், ரெசொலுஷனுக்கு வழங்கும் இன்னொரு சொல்லான 'தெளிவுத்திறன்' மீதுதான். படித்தவர்களே எழுதுகிறார்கள், கைப்பேசியின் அமைப்புகளிலும் இருக்கிறது, கேட்பதற்கும் நன்றாக இருக்கிறது. 'மக்களுக்கு உடனே புரிகிறதே' என்பார்கள். புரிவது தவறான பொருள் என்பதுதான் என் கவலை.

4கே திரையில் அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160, மொத்தம் ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள் (பிக்சல்). இதுதான் திரையின் பிரிதிறன், அதன் கட்டமைப்பிலேயே அமைந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்பும் அதே எண்ணிக்கைதான், மின்சாரம் இல்லாத வேளையிலும் அதே எண்ணிக்கைதான். தெளிவு அப்படியல்ல. அது படம் எப்படி எடுக்கப்பட்டது, எவ்வளவு சுருக்கி அனுப்பப்பட்டது, வீட்டு இணையம் எவ்வளவு தாங்கியது என்பதையெல்லாம் பொறுத்தது. நம் நாட்டில் ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு முழுமையாக டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. ஆனாலும் நாம் பார்க்கும் அலைவரிசைகளில் பெரும்பாலானவை 1080 வரிகளைத் தாண்டுவதில்லை. 1920க்கு 1080 என்றால் ஏறத்தாழ 20 லட்சத்து 70 ஆயிரம் புள்ளிகள். 4கே திரையில் இருப்பதோ அதைப்போல் நான்கு மடங்கு. அதாவது ஒவ்வொரு நான்கு புள்ளியிலும் மூன்றைத் தொலைக்காட்சியே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. பழைய வீடியோ நாடாக் காலத்துப் பாடல்களைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். 720க்கு 576 என்ற அந்தக் காலத்து அளவில் வந்த படத்தை இந்தத் திரை முழுக்கப் பரப்பினால், 20 புள்ளிகளில் 19 ஊகம்.

அப்புறம் இணையம். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது. அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் சுவர்களைத் தாண்டி வைஃபை வர வேண்டும், பிள்ளைகள் இருவர் வேறு அறைகளில் வேறு படம் பார்க்க வேண்டும் என்றால், அந்த வேகம் எப்போதும் கிடைக்காது. வேகம் குறைந்ததும் செயலி சத்தமில்லாமல் குறைந்த பிரிதிறன் உள்ள படத்தை அனுப்பத் தொடங்கிவிடும். திரையின் புள்ளிகள் அப்படியே இருக்க, படம் மங்கிப்போகும்.

இந்த நிலையில் திரைக்குத் 'தெளிவுத்திறன் 4கே' என்று எழுதினால் வாங்குபவர் என்ன நினைப்பார்? தெளிவாகத் தெரியும் என்றுதான். பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வீட்டில் மாட்டிய பிறகு, பழைய பெட்டியே பரவாயில்லை என்று ஒரு குடும்பம் வருத்தப்படுவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம். கடைக்காரர்களே இலக்கங்களைக் கலந்து பேசுகிறார்கள். 1080 என்பது உயரத்தில் உள்ள வரிகள். 4கே என்பது அகலத்தில் உள்ள ஏறத்தாழ 4000 புள்ளிகள். அளக்கும் பக்கமே மாறிவிட்டது. நான்கு மடங்கு தெளிவு என்று சொல்வது இதனால்தான் தவறு. புள்ளிகள் நான்கு மடங்கு, வரிகள் இரண்டே மடங்கு.

எச்டியை 'உயர் துல்லியம்' என்பதையும் நான் ஏற்கவில்லை. துல்லியம் என்றால் உள்ளது உள்ளபடி காட்டுவது. நிறம் பிசகிய திரைக்கும் பிரிதிறன் மிக அதிகமாக இருக்கலாம்.

பிரிதிறன் கடினமான சொல் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேமரா, அச்சு இயந்திரம், நுண்ணோக்கி, மருத்துவமனை ஸ்கேன் எல்லாவற்றுக்கும் இது பொருள் மாறாமல் பொருந்தும். தெளிவு என்ற நல்ல சொல்லும் தன் வேலையைச் செய்ய விடுபடும். 'திரையின் பிரிதிறன் 4கே, சரி. நான் பார்க்கும் அலைவரிசையின் பிரிதிறன் என்ன? அதில் தெளிவு எப்படி இருக்கும்?' என்று கடையில் கேட்க முடியும். இரண்டையும் தெளிவுத்திறன் என்றே அழைத்தால் கடைசிக் கேள்வியைக் கேட்கவே நமக்குத் தோன்றாது.