ஆட்டிசம்: சொல்லும் அதன் தமிழும்

பிறவியிலேயே வரும் நரம்பு வளர்ச்சி வேறுபாடான ஆட்டிசத்துக்கும் ஆட்டத்துக்கும் உறவில்லை. முன்னும் பின்னும் ஆடும் குழந்தைக்கு வைத்த பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒலி ஒற்றுமை செய்த வேலை அது. கிரேக்கத்தில் 'ஆட்டோஸ்' என்றால் 'தான்'. ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1911-ல் மனச்சிதைவு நோய் பற்றி எழுதிய நூலில், வெளியுலகை விட்டுத் தன் கற்பனைக்குள் ஒடுங்கிவிடும் நோயாளிகளின் நிலையைக் குறிக்க இந்தச் சொல்லை ஆண்டார். அவர் பேசியது குழந்தைகளைப் பற்றியே அல்ல.

1943-ல் சொல் கைமாறியது. அமெரிக்காவின் பால்டிமோரில் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இவர்கள் எங்கிருந்தும் விலகி வந்தவர்கள் அல்லர், வாழ்வின் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் என்பது அவர் கண்டது. ஆனாலும் பெயரைப் பிளாய்லரிடமிருந்தே கடன் வாங்கினார். அந்தக் கடனின் வட்டியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஆட்டிசத்துக்குத் தனி இடம் கொடுக்கவே 1980 ஆயிற்று. 2013-ல் பல உட்பிரிவுகளை ஒன்றாக்கி 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்றார்கள். தமிழில் ஸ்பெக்ட்ரம் நிறமாலை; ஒரே பெயருக்குள் வேறு வேறு சாயல்கள் என்ற பொருளுக்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது.

தமிழாக்கியவர்களில் பலர் பெயர்த்தது கானர் கண்ட குழந்தைகளை அல்ல, பிளாய்லரின் வேர்ச்சொல்லை. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

செய்தித்தாள்களில் 'மன இறுக்கம்' என்று வரும். வீட்டுத் தமிழில் அதற்குக் கவலை, டென்ஷன் என்றுதான் பொருள். கேட்ட மாமியார், "நீ எப்பப் பாத்தாலும் அழுதுட்டே இருந்தே, அதான் புள்ளைக்கு வந்துடுச்சு" என்று மருமகள் தலையில் இறக்கிவிடுகிறார். 'மதியிறுக்கம்' அதைவிடச் சற்று மேல், ஆனால் மதி என்றதும் அறிவுக் குறைபாடு என்றே காதில் விழும். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் இருக்கும், பலருக்கு இருக்காது, இரண்டும் தனித்தனி. மூன்றாவது, அரசு விண்ணப்பங்களில் வரும் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. இதில் உறுத்துவது '-அற்றோர்' விகுதி. இரண்டு தெரு தள்ளி வரும் பேருந்தின் ஹாரனுக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்குப் புற உலகம் இல்லையென்று எப்படிச் சொல்வது? அளவுக்கு மீறி உள்ளே வருகிறது என்பதுதானே தொல்லை! கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாவுக்கோ விடிய விடியக் கூத்துக்கோ தூக்கிப்போய், வெடிச் சத்தத்தில் அலறும் பிள்ளையைப் 'பிடிவாதம்' என்று அடிப்பது இந்தப் புரியாமையின் விளைவு. அடி வாங்கினால் சத்தம் குறைந்துவிடாது. காதுக்கு மூடி போட்டு, கூட்டத்தின் ஓரத்தில் நின்று, அரை மணியில் திரும்பிவிடலாம்.

ஆக, எங்கள் முடிவு இது: பேச்சில் 'ஆட்டிசம்' என்றே இருக்கட்டும். 'ஆட்டிசக் குழந்தை' வேண்டாம், 'ஆட்டிசம் உள்ள குழந்தை' போதும். விளக்கிச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பிறவியிலேயே வந்த நரம்பு வளர்ச்சி வேறுபாடு' என்க. 'நோய்' என்றால் மருந்தும் மந்திரிப்பும் தேடி அலைவார்கள். விண்ணப்பத்தில் மட்டும் அரசு அச்சிட்ட சொல்லையே எழுதுங்கள். எழுத்தர் தேடுவது அதைத்தான்.

மருத்துவர் சீட்டில் 'பேச்சுத் தாமதம்' என்று மட்டும் இருந்தால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கும்போது சிக்கல் வரும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் தனி வகை, பேச்சு–மொழிக் குறைபாடு வேறு வகை. ஆட்டிசத்தை அளக்க ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் இந்திய அளவுகோல் இருக்கிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள். சிலர் சான்றிதழ் கேட்கப்போகும் அன்று பிள்ளையின் நல்ல பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வருவார்கள். அது பரீட்சை இல்லை. மதிப்பெண் கூடினால் குறைபாடும் கூடுதல் என்று பொருள்.

பழியின் சொற்களையும் பார்க்க வேண்டும். மேலை நாட்டில் 'குளிர்பெட்டித் தாய்' என்றார்கள்: தாயின் பாசம் குளிர்ந்ததால் பிள்ளை இப்படி ஆயிற்றாம். 1964-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் எழுதிய நூல் அதை உடைத்தது. இங்கே "கிரகணத்துல வெளிய வந்தா", "போனைக் குடுத்தே கெடுத்துட்டா" என்கிறோம். போனால் ஆட்டிசம் வருவதில்லை. பேசி விளையாடும் நேரத்தைத்தான் அது தின்னும். தடுப்பூசியாலும் வருவதில்லை. அப்படிக் கிளப்பிவிட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னொரு பழி உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, அங்கன்வாடியில் தமிழ். "ரெண்டு பாஷை புள்ளயக் குழப்புது" என்பார்கள். இருமொழி ஆட்டிசத்தை உண்டாக்குவதுமில்லை, கூட்டுவதுமில்லை. தாய் தனக்குச் சரளமான மொழியிலேயே பேசட்டும். கன்னடத்தில் ஆட்டிசத்துக்கு 'ஸ்வலீனதே' என்று பெயர், தன்னில் கரைந்திருத்தல். அவர்களும் பிளாய்லரிடமே மாட்டிக்கொண்டார்கள்.

"அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்று காத்திருப்பதில்தான் காலம் போகிறது. நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வராது, அது குழந்தைக்குப் பாதுகாப்பானதும் இல்லை. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் கேட்டதும் கை தூக்கிச் சொல்லத் தெரியாத வயதுக்கு, ஒலிக்கு மூளை நரம்பு தரும் பதிலை அளக்கும் 'பெரா' பரிசோதனை இருக்கிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விகள் உண்டு. அது சந்தேகத்தைக் காட்டும், முடிவைச் சொல்லாது. முடிவுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவே அனுப்பிவைக்கும்.

அதுவரை வீட்டில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் டம்ளரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, "தண்ணி" என்று ஒரே சொல். பிறகு மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். பார்வையோ கையோ ஒலியோ, எது வந்தாலும் உடனே கொடுங்கள். "சொல்லு, சொல்லு" என்று நெருக்கினால் பிள்ளை டம்ளரையே வெறுக்கும். களியைத் துப்பினாலும் திமிர் என்று எடுக்காதீர்கள், வழவழப்பு நாக்குக்கு ஒவ்வாமல் இருக்கலாம்; அதே கேழ்வரகை மொறுமொறுப்பான அடையாகத் தட்டிப் பாருங்கள்.

மையத்துக்குப் போகும்போது எந்தத் தமிழ்ப் பெயரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. "20 மாசம். பேர் சொன்னா திரும்பறதில்ல. விரல் நீட்டி எதையும் காட்டறதில்ல. என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி டப்பா மேல வைக்கறான்" என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.