ரப்பர் நூல் ஃப்ராக்கும் பாப்பாவின் நெஞ்சில் விழுந்த கோடுகளும்

போன சித்திரையில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு ஃப்ராக் தைத்துக் கொடுத்தேன். மல் காட்டன் என்கிற மெல்லிய துணி, மார்புப் பகுதி முழுக்க எலாஸ்டிக் நூல் சுருக்கம், 14 வரிசை. போட்ட மறுநாளே குழந்தையின் அம்மா வந்துவிட்டார். "அக்கா, பாப்பா சாயந்திரம் வரைக்கும் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டே இருந்தா. கழட்டிப் பார்த்தா இப்படி" என்று போனில் படத்தைக் காட்டினார். கோடு போட்ட நோட்டு மாதிரி நெஞ்சின் குறுக்கே வரிவரியாகச் சிவப்பு. நடுநடுவே வேர்க்குரு வேறு.

தப்பு என்னுடையதுதான். குழந்தையின் மார்பளவு 20 இஞ்ச். தைத்து முடித்ததும் மேஜையில் போட்டு அளந்தேன், 19 இருந்தது. சரி என்று நினைத்து, ஆவி அயர்ன் காட்டி மடித்துக் கொடுத்துவிட்டேன். சூடான ஆவி பட்டால் இந்த நூல் இன்னும் சுருங்கும். சுருக்கம் நன்றாக எழும்பட்டும் என்று நாமே ஆவி காட்டுவோம், ஆனால் அதற்குப் பிறகு அளக்க மாட்டோம். திரும்பி வந்த ஃப்ராக்கை அளந்தபோது 16½ இஞ்ச்தான்.

இப்போதெல்லாம் அதே துணியில் 10 இஞ்ச் துண்டு வெட்டி, 5 வரிசை ஓட்டி, ஆவி காட்டி, ஆறவிட்டு அளந்த பிறகுதான் ஃப்ராக் துணியில் கத்திரி வைக்கிறேன். துண்டு 6 இஞ்சாகச் சுருங்கினால், 20 இஞ்ச் மார்புக்கு 33 இஞ்ச் அகலத் துணி வேண்டும், தையலுக்கு விடுவது தனி. "ஒன்றரை மடங்கு எடுத்தால் போதும்" என்ற பொதுக்கணக்கை நம்பாதீர்கள். மல்லில் சுருங்குகிற அளவு பாப்ளினில் சுருங்காது. தோளில் பட்டை இருக்கிற ஃப்ராக் நழுவி விழப்போவதில்லை. அதனால் இழுக்காமல் அளந்தாலே மார்பளவு இருக்கட்டும், மிஞ்சிப்போனால் 1 இஞ்ச் குறையலாம். அளவு எடுப்பதும் குழந்தை சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள். பால் குடித்த வயிறு எவ்வளவு உப்பும் என்று அம்மாக்களுக்குத் தெரியும், நமக்குத்தான் மறந்துபோகிறது.

இறுக்கத்துக்கு இன்னொரு காரணம் பாபினில், அதாவது எலாஸ்டிக் நூலைச் சுற்றி மிஷினுக்கு அடியில் வைக்கிற சின்னச் சக்கரத்தில், இருக்கிறது. எலாஸ்டிக் நூலை மிஷினில் போட்டுச் சுற்றினால் இழுபட்டுப்போய் உட்காரும், சுருக்கம் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். கையால், இழுக்காமல் சுற்றுங்கள். மேலே சாதாரண பாலியஸ்டர் நூல் போதும். தையல் நீளம் 4 மில்லிமீட்டர் அளவுக்கு வைக்கலாம். என் கறுப்பு மிஷினுக்கு இதற்கென்றே தனி பாபின் கேஸ் (பாபினை வைக்கும் கூடு) வாங்கி வைத்திருக்கிறேன், நூலின் இறுக்கத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் அதிலுள்ள திருகைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. முதல் வரிசை சுருங்கவே இல்லையே என்று பயந்து திருகை இறுக்கிவிடாதீர்கள். வரிசை சேரச் சேரத்தான் பிடிக்கும். இரண்டாவது வரிசையிலிருந்து துணியை இரு பக்கமும் இழுத்து, தட்டையாக்கித் தைக்க வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் நூல் முனைதான். உள்பக்கம் தொங்கும் முனை கைக்குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். தலைமுடி சுற்றிக்கொண்டு விரல் வீங்கினால் ஓடுகிறோமே, அதே ஆபத்துதான், இது ரப்பர் என்பதால் இன்னும் இறுக்கும். மேல் நூலையும் எலாஸ்டிக்கையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, பக்கத் தையலுக்குள் தள்ளி, அதன் மேல் இரண்டு முறை ஓட்டிவிட்டு, மீதியை ஒட்ட வெட்டுங்கள். கடையில் வாங்கிய ஃப்ராக்காக இருந்தாலும் போடும் முன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் சுருக்கத்துக்கு உள்ளே பனியன் துணி கொடுக்கிறேன். அது கூடவே இழுபடும், ரப்பர் தோலில் படாது. பஃப் கையில் எலாஸ்டிக் நூல் வைப்பதையே நிறுத்திவிட்டேன். புஜத்தில் விழுகிற தடம் நெஞ்சில் விழுவதைவிட மோசம்.

அந்த ஃப்ராக்கைத் தூக்கிப் போடவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக 7 வரிசையைப் பிரித்தேன், பக்கத்தில் 2 இஞ்ச் பட்டி சேர்த்தேன். அரை நாள் வேலை, கூலி கேட்கவில்லை. பாப்பாவைக் கடையிலேயே உட்காரவைத்து, ஒரு பிஸ்கட் கொடுத்து, தின்று முடித்ததும் போட்டுப் பார்த்தோம்.